ஏழாம் இலக்கக் கல்

கனியங்களைச் சோதித்துப் பெயர் சொல்லும் செயன்முறைப் பரீட்சையில் ஏழாம் இலக்கக் கல்லுக்கு நான் குவார்ட்ஸ் என்று எழுதினேன். வெள்ளைக் கல், கண்ணாடி போன்ற மினுக்கம், லைட்டுக்கு நேரே பிடித்தால் ஓரத்தால் கொஞ்சம் வெளிச்சம் வரும், வேறு என்னவாக இருக்கப்போகிறது என்று அரை நிமிடத்தில் அடுத்த கல்லுக்குப் போய்விட்டேன். அது கல்சைற். பதினோராம் கல் வெள்ளி போல மின்னியது, கலீனா என்று போட்டேன், அது ஹெமரைற். பதினான்காம் கல் பச்சை, ஒலிவின் என்று போட்டேன், அது புளோரைற். இருபது கல்லில் ஒன்பதுதான் சரி.

படிக்காமல் போய் இப்படி ஆகவில்லை. நாற்பது கனியங்களின் அட்டவணையை, வன்மை எத்தனை, சாரடர்த்தி எத்தனை, எத்தனை திசையில் பிளக்கும், சூத்திரம் என்ன என்று கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறியதிலிருந்து இறங்கும்வரை சொல்லிச் சொல்லிப் பாடமாக்கியிருந்தேன். கல்சைற்றின் வன்மை 3 என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் விடைத்தாள் திரும்பி வந்தபோது சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தது பெயருக்கு அல்ல, பெயருக்கு முந்திய கட்டத்துக்கு. அவதானிப்பு என்ற அந்தக் கட்டத்தில் ஏழாம் கல்லுக்கு நேரே "வன்மை 7, பிளவு இல்லை, சிப்பி முறிவு, அமிலத்துடன் தாக்கமில்லை" என்று அழகாக எழுதி வைத்திருந்தேன். பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி: இதை எங்கே பார்த்தீர்கள்?

எங்கேயும் பார்க்கவில்லை. கல்லை நான் கீறவே இல்லை, அமிலப் போத்தலைத் தொடவே இல்லை. நிறத்தைப் பார்த்தேன், பெயரை முடிவு செய்தேன், அந்தப் பெயருக்குரிய குணங்களை மனப்பாடத்திலிருந்து எடுத்து அவதானிப்பு என்று நிரப்பிவிட்டேன். வேலை முழுக்கத் தலைகீழாக நடந்திருக்கிறது. அந்தக் கேள்வியைப் படித்தபோது வந்த வெட்கம் புள்ளி குறைந்ததால் வந்தது அல்ல. பார்க்காததைப் பார்த்தேன் என்று எழுதிக் கையொப்பம் வைத்திருக்கிறேனே என்பதுதான் உறுத்தியது.

எங்கள் செயன்முறை வகுப்பை எடுத்தவர் திருகோணமலைப் பக்கத்து அக்கா ஒருவர். அவர் அடுத்த கிழமை என்னைக் கூப்பிட்டு அதே ஏழாம் கல்லை மேசையில் வைத்தார். ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு துண்டு செப்புக் கம்பி, ஒரு இரும்பாணி, மினுக்குப் பூசாத ஒரு பீங்கான் தட்டு, பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை, ஐதான ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள துளிப்போத்தல். "பெயரை மறந்திடுங்கோ. கல்லில என்ன நடக்குது எண்டு மட்டும் எழுதுங்கோ. முடிவில பெயர் தானா வரும், வராட்டியும் பரவாயில்லை."

சரி என்று தொடங்கினேன். நகம் கீறவில்லை. செப்புக் கம்பி கீறியதா இல்லையா என்று சொல்ல முடியாத ஒரு மெல்லிய கோடு. இரும்பாணி தாராளமாகக் கீறியது. கல்லைக் கண்ணாடியில் வைத்து அழுத்தி இழுத்தேன், ஒரு வெள்ளைக் கோடு விழுந்தது. கண்ணாடியைக் கீறிவிட்டது, அப்படியானால் குவார்ட்ஸ்தானே என்று மனம் மறுபடி பழைய இடத்துக்கே ஓடியது. அக்கா ஒன்றும் சொல்லாமல் விரலால் அந்தக் கோட்டைத் துடைத்துக் காட்டினார். கோடு போய்விட்டது. கல்லின் தூள்தான் கண்ணாடியில் ஒட்டியிருந்ததே தவிரக் கண்ணாடிக்கு ஒன்றும் ஆகவில்லை. கல்தான் தோற்றிருக்கிறது.

இந்த ஒரு சின்ன விஷயத்தை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம். மெதுவான கல்லை வன்மையான ஒன்றில் இழுத்தால் மெதுவானதன் தூள் கீறல் மாதிரியே தெரியும், ஆகவே கீறியபின் துடைத்துப் பார்க்கவேண்டும், துடைத்த பிறகும் நகத்தில் தட்டுப்படுகிற பள்ளம்தான் கீறல். இன்னொன்று, கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது, மேசையில் தட்டையாக வைத்துத்தான் செய்யவேண்டும், உடைந்தால் உள்ளங்கை போய்விடும்.

வன்மை அளவுகோல் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிரெட்ரிக் மோஸ் 1812 இல் போட்டுக் கொடுத்த வரிசை: டால்க், ஜிப்சம், கல்சைற், புளோரைற், அப்பரைற், ஒர்தோகிளேஸ், குவார்ட்ஸ், டோபாஸ், கொரண்டம், வைரம். இது எது எதைக் கீறும் என்ற வரிசை மட்டும்தான். 9 ஐ விட 10 ஒரு படி கூட என்று எண்ணிவிடக்கூடாது, கொரண்டத்துக்கும் வைரத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி கீழே உள்ள எந்த இடைவெளியையும் விடப் பெரியது. நகம் ஏறத்தாழ இரண்டரை, செம்பு மூன்றுக்குக் கிட்ட, கண்ணாடி ஐந்தரை. இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டாலே தட்டில் உள்ள கற்களில் பாதியைப் பிரித்துவிடலாம்.

பிறகு அமிலம். ஏழாம் கல்லில் ஒரு துளி விட்டதும் சோடாப் போத்தலைத் திறந்ததுபோல நுரைத்தது. நான் குனிந்து காதை வைத்துக் கேட்டேன், சின்னச் சத்தம்கூட வருகிறது. கல்சைற்றின் காபனேற்று உடைந்து காபனீரொட்சைட்டு வெளியேறும் சத்தம் அது. கல்சைற்றோடு மிக நெருங்கிய டொலமைற் இப்படித் துள்ளாது, ஆணியால் கீறித் தூளாக்கி அந்தத் தூளில் விட்டால்தான் மெல்ல நுரைக்கும். பிறகு கல்லின் உடைந்த முகங்களைப் பார்த்தேன்: நெருப்புப்பெட்டியை ஒரு பக்கமாகத் தள்ளிச் சரித்ததுபோன்ற வடிவம், மூன்று திசையிலும் வழுவழுப்பான தளங்கள், எந்த மூலையும் செங்கோணம் இல்லை. குவார்ட்ஸ் இப்படி உடையவே உடையாது, அது போத்தல் கண்ணாடி உடைவதுபோல வளைந்து வளைந்துதான் முறியும். இதெல்லாம் முதல் பரீட்சையன்றும் அந்தக் கல்லில் இருந்ததுதான். என் கண்ணுக்கு முன்னால் இருந்தது.

அன்று எழுதிய அவதானிப்புக் கட்டம் முதல் தடவையாக உண்மையாக இருந்தது. பெயரை எழுத முதல் கொஞ்ச நேரம் பேனையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினோராம் கல்லின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. கையில் எடுத்தால் பாரமான, உருக்குச் சாம்பல் நிறத்தில் பளபளக்கிற கட்டி. பீங்கான் தட்டில் ஒரே ஒரு இழுப்பு இழுத்தேன். சாம்பலும் இல்லை, கறுப்பும் இல்லை, காய்ந்த இரத்தத்தின் நிறத்தில் சிவந்த கோடு. அதே தட்டில் இன்னொரு மூலையில் செம்மண் கட்டி மாதிரி இருந்த வேறொரு கல்லையும் இழுத்தேன், அதே சிவப்பு, வித்தியாசமே இல்லை. இரண்டும் ஹெமரைற். ஒன்று வெள்ளிக் கொலுசு போல, மற்றது செங்கல் போல. தூளாக்கினால் இரண்டும் ஒன்று. கிரேக்கத்தில் இரத்தத்துக்கு உள்ள சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே வந்தது. ஆங்கிலத்தில் இந்தச் சோதனையை ஸ்ட்ரீக் என்கிறார்கள். கட்டியாக இருக்கும்போது மேற்பரப்பும் மணிகளின் பருமனும் ஒளியை என்னென்னவோ செய்து கண்ணை ஏமாற்றும், தூளாகும்போது அந்த வித்தையெல்லாம் போய்க் கல்லின் சொந்த நிறம் மட்டும் மிஞ்சும். மக்னரைற்றைக் கறுப்புக் கோடு காட்டிக்கொடுக்கும், லிமோனைற்றை மஞ்சள் கபிலக் கோடு. தட்டின் வன்மை ஏழுக்குக் கிட்ட இருப்பதால் அதைவிட வன்மையான கல்லை இழுத்தால் தட்டுத்தான் தேயும், அந்த வெள்ளைத் தூளைக் கல்லின் தூள் என்று எழுதிவிடக்கூடாது. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு விசேஷமான தட்டு ஒன்றும் தேவையில்லை. தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்துப் பாருங்கள், அடியில் மினுக்குப் பூசாத ஒரு வளையம் இருக்கும். குளியலறை டைலின் பின்பக்கமும் போதும்.

அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குச் சட்டென்று அப்பாவின் நினைவு வந்தது.

அப்பா செட்டியார் தெருவில் முப்பது வருஷத்துக்கு மேலாக நகைவேலை செய்தவர். இப்போது கண் கொஞ்சம் மங்கியதால் பட்டறைக்குப் போவதில்லை, ஆனால் அவருடைய மரப்பெட்டி இன்னும் வீட்டு அலுமாரியில் இருக்கிறது, அதற்குள் ஒரு கறுப்புக் கல். உள்ளங்கையில் அடங்கும், ஒரு மூலை உடைந்திருக்கும். உரைகல். சின்ன வயதில் அதைத் தொட்டால் கத்துவார். யாராவது பழைய நகை கொண்டுவந்தால் அதன் நிறத்தை அவர் பார்த்ததாக எனக்கு நினைவில்லை, கையில் வாங்கும்போதே கல்லை எடுத்துவிடுவார். ஒரு கோடு அந்த நகையால், பக்கத்தில் ஒரு கோடு மாற்றுத் தெரிந்த தங்கத்தால், மேலே ஒரு சொட்டுத் திராவகம். எந்தக் கோடு நிற்கிறது, எது வெளிறுகிறது என்று பார்ப்பார். கலப்பில் செம்பு கூடக் கூடக் கோடு சீக்கிரம் அழியும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாங்கள் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறோமே, அந்த மாற்று இந்தக் கல்லில்தான் தெரியும்.

ஆய்வுகூடத்தில் எனக்குப் புதுப் பாடமாகத் தந்த சோதனை எங்கள் வீட்டு அலுமாரியில் நான் பிறக்க முதலே இருந்திருக்கிறது. உரைத்துப் பார் என்று தமிழில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டிருப்பேன். அந்தச் சொல் ஒரு செய்கையிலிருந்து வந்தது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அட்டவணையில் "ஸ்ட்ரீக்: சிவந்த கபிலம்" என்று பாடமாக்கினேன், அது கையால் செய்கிற வேலை என்று நினைக்கவில்லை.

நிறத்தை ஏன் நம்பக்கூடாது என்பதற்கு இலங்கையைவிட நல்ல இடம் உலகத்தில் இருக்குமா தெரியவில்லை. நவரத்தினங்களில் மாணிக்கமும் நீலமும் தனித்தனி, சாதகத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கிரகம்கூட இருக்கிறது. கனியமாகப் பார்த்தால் இரண்டும் கொரண்டம், வன்மை 9, வெறும் அலுமினியம் ஒட்சைட்டு. சுத்தமாக இருந்தால் அதற்கு நிறமே இல்லை. கொஞ்சம் குரோமியம் கலந்தால் சிவப்பு, கொஞ்சம் இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். குவார்ட்ஸும் அப்படித்தான்: ஊதா என்றால் செவ்வந்திக்கல், ரோசா, புகை நிறம், பால் வெள்ளை, எல்லாம் ஒரே கல். மறுபக்கம் மாத்தறை வைரம் என்று ஒரு காலம் விற்றார்களே, அது நிறமில்லாத சிர்க்கோன். வன்மை ஏழரைதான். அதைக் கைவில்லையில் வைத்து மேல்பட்டை வழியே கீழ்ப்பட்டைகளின் விளிம்பைப் பார்த்தால் ஒவ்வொரு விளிம்பும் இரண்டாகத் தெரியும், வைரத்தில் ஒன்றாகத்தான் தெரியும். கல்சைற்றைப் புத்தக எழுத்தின் மேல் வைத்தால் எழுத்து இரண்டாகத் தெரிகிற அதே சங்கதி. நிறத்தை நம்பக்கூடிய கற்களும் இருக்கின்றன, கந்தகத்தின் மஞ்சளையும் மலக்கைற்றின் பச்சையையும் நான் நம்புவேன், ஆனால் எவற்றை நம்பலாம் என்பதே மற்றச் சோதனைகளைச் செய்த பிறகுதான் தெரிகிறது.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். கொழும்பில் 1877 இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமியைக் கலை வரலாற்றாளராகத்தான் நம்மவர்களுக்குத் தெரியும். அவர் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1903 இலிருந்து 1906 வரை இலங்கையின் கனிய அளவைக்கு முதல் பணிப்பாளராக இருந்தார். இரத்தினக் கற்களைத் தேடி அரிக்கும் சரளையில் பாரமான சின்னக் கறுப்புக் கனசதுரங்கள் கிடைத்தபோது அவர் அதை யுரேனினைற் என்ற யுரேனியக் கனியமாக விவரித்தார். 1904 இல் டன்ஸ்டன் என்ற இரசாயனவியலாளர் அதைப் பகுப்பாய்வு செய்து பார்த்தார், உள்ளே பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, புதிய கனியம். தோரியனைற் என்று பெயர் வந்தது. கறுப்பு, கனசதுரம், பாரம் என்று வெளியில் தெரிந்த எல்லாம் யுரேனினைற்றுக்கும் பொருந்தத்தான் செய்தது, ஆகவே அவர் பார்த்ததில் பிழையில்லை. அடுத்த சோதனை வேறு பெயரைச் சொன்னது, அவ்வளவுதான். இதைப் படித்த அன்று எனக்கு ஏழாம் கல்லின் கனம் கொஞ்சம் குறைந்தது, ஆனால் ஒரு வித்தியாசத்தையும் கவனித்தேன்: அவர் கல்லைப் பார்த்து எழுதினார், நான் பார்க்காமல் எழுதினேன்.

சிங்களைற்றும் அப்படித்தான். எத்தனையோ வருஷம் கபில நிறப் பெரிடொட், அதாவது இரத்தினக் கல்லாகும் ஒலிவின், என்று கைமாறிக்கொண்டிருந்த கல், 1952 இல்தான் அது ஒலிவினே அல்ல, மக்னீசியமும் அலுமினியமும் போரனும் சேர்ந்த தனிக் கனியம் என்று காட்டினார்கள். டாபைற்றை 1945 இல் டப்ளினில் ரிச்சர்ட் டாப் என்பவர் கண்டுபிடித்தது ஏற்கனவே பட்டை தீட்டிய ஒரு கல்லில், ஸ்பினெல் என்ற பேரில் வாங்கிய கல் அது. ஸ்பினெலில் விளிம்பு இரண்டாகத் தெரியக்கூடாது, அந்தக் கல்லில் தெரிந்தது. பெயர் சொல்லி விற்ற கல்லை அவர் மறுபடி உற்றுப் பார்த்ததால் ஒரு கனியம் உலகத்துக்குக் கிடைத்தது. அந்தக் கல் இலங்கையின் சரளைகளிலும் கிடைக்கிறது.

பிளவைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் வகுப்பில் எல்லாரும் தடுமாறியது இங்கேதான். மைக்காவில் கஷ்டமில்லை, ஒரே திசை, நகத்தால் ஏடு ஏடாக உரியும். பெல்ட்ஸ்பாரில் இரண்டு திசை, ஏறத்தாழச் செங்கோணம். ஹோர்ண்பிளெண்டும் பைரொக்சீனும் இரண்டுமே கறுப்பு, இரண்டிலும் இரண்டு திசை, கோணம்தான் வேறு. பைரொக்சீனில் தொண்ணூறுக்குக் கிட்ட, ஹோர்ண்பிளெண்டில் 56 உம் 124 உம். ஒரு தளம் பிளவா இல்லை வெறும் முறிவா என்று தெரியாவிட்டால் கல்லை லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்லத் திருப்புங்கள். பிளவு என்றால் படிக்கட்டுப் போல மேலும் கீழும் உள்ள சின்னச் சின்னத் தளங்கள் எல்லாம் ஒரே கணத்தில் பளிச்சென்று மின்னி ஒரே கணத்தில் அணையும், அவை எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருப்பதால். முறிவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மின்னும். வெள்ளவத்தையில் ரயில் பாதைக் கரையால் நடக்கும்போது தண்டவாளத்துக்கு நடுவில் கொட்டியிருக்கும் சல்லிக் கல் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பாருங்கள், பெல்ட்ஸ்பார் இப்படி மின்னுவதை அங்கேயே பார்க்கலாம். நான் கையில் கைவில்லையோடு குனிந்து நிற்பதைப் பார்த்து ஏதாவது தொலைந்துவிட்டதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு ஆதங்கம் இருக்கிறது. நான் படித்த இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை, இது ஒரு இடத்தின் பிரச்சினை மட்டும் அல்ல என்றுதான் நினைக்கிறேன். எங்கள் தட்டில் இருந்த கற்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பெட்டியில் வந்தவை, மூலைக்கு ஒரு இலக்கம் ஒட்டியவை. எத்தனையோ தொகுதி மாணவர்கள் தொட்டுத் தேய்ந்து, அமிலம் பட்டுப் பட்டு முகம் மங்கி, பிளவுத் தளங்கள் உருண்டு போனவை. புது முகம் இல்லாத கல்லில் எதைச் சோதிப்பது? வானிலை தின்ற தோல், கை எண்ணெய் படிந்த தோல், இரண்டிலும் வன்மையும் மினுக்கமும் பொய் சொல்லும். ஒரு சுத்தியலால் ஒரு மூலையை உடைத்துப் புது முகம் காட்டினால் ஒரு வருஷத்துப் பாடம் அதிலேயே வந்துவிடும். ஆனால் வெளியிலிருந்து வந்த கல், உடைத்தால் வேறு இல்லை என்று யாரும் உடைக்க விடமாட்டார்கள்.

நம்முடைய நாட்டில் கல்லுக்கா பஞ்சம்? போகலைச் சுரங்கத்திலும் கஹட்டகஹச் சுரங்கத்திலும் எடுக்கும் காரீயம் (கிராபைற்) பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடுகிற, உலகத்திலேயே மிகச் சுத்தமான காரீயங்களில் ஒன்று. கடதாசியில் எழுதும், விரலில் எண்ணெய் போல வழுக்கும், நகத்துக்கே வழிவிடும். ஈயம் என்று பெயரில் இருக்கிறதே தவிர ஈயம் துளியும் இல்லை, முழுக்கக் காபன்; 1779 இல் ஷீலே அதைக் காட்டும்வரை ஐரோப்பாவிலும் அதைக் கறுப்பு ஈயம் என்றுதான் சொல்லிவந்தார்கள். எப்பாவலயில் அப்பரைற் இருக்கிறது. ஆனையிறவு உப்பை ஒரு சிட்டிகை கறுப்புத் துணியில் போட்டுக் கைவில்லையில் பார்த்தால் அத்தனையும் குட்டிக் கனசதுரம், ஹேலைற்றின் மூன்று செங்கோணப் பிளவையும் குசினியிலேயே படிக்கலாம். யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் காய்ச்சிய கேத்தலின் அடியில் படிகிற வெள்ளைப் படையில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைக்கும், அந்தத் தண்ணீர் ஊறி வந்த சுண்ணாம்புக்கல் மேசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். பள்ளிக்கூடச் சோக்கில் அமிலம் விட்டுப் பாருங்கள், நுரைத்தால் கல்சியம் காபனேற்று, பேசாமல் இருந்தால் பெரும்பாலும் ஜிப்சம்.

அக்கா இதைத் தன் அளவில் சரிசெய்தார். ஒரு நாள் ஊருக்குப் போய் வரும்போது ஜாம் போத்தல் நிறையப் புல்மோட்டை மணல் கொண்டுவந்தார். கறுப்பு மணல், அதே அளவு வெள்ளை மணலைவிடப் போத்தல் நன்றாகப் பாரம். கடதாசியில் பரப்பிக் கீழே காந்தத்தை ஓட்டினோம். கொஞ்ச மணிகள் மட்டும் துள்ளி எழுந்து மீசை போல நின்றன, அது மக்னரைற். பெரும்பகுதி சும்மா இலேசாக அசைந்தது, அது இல்மனைற். கைவில்லையில் பார்த்தபோது நடுநடுவே தேன் நிற மணிகள், கண்ணீர்த் துளி போல நிறமில்லாத சிர்க்கோன் மணிகள், சிவந்த ரூட்டைல். "இந்தக் கறுப்பிலயிருந்துதான் வெள்ளைப் பெயின்ற் செய்யினம்" என்றார் அக்கா. இல்மனைற்றிலிருந்து பிரித்தெடுக்கும் டைட்டேனியம் ஈரொட்சைட்டுத்தான் சுவருக்குப் பூசும் வெள்ளையின் வெள்ளை. வகுப்பு முழுக்க அந்தக் கடதாசியைச் சுற்றிக் குனிந்து நின்றது, இலக்கம் ஒட்டிய கற்களுக்கு ஒரு நாளும் அப்படி நின்றதில்லை. என் பக்கத்தில் நின்ற சிங்களப் பிள்ளை ஒருத்தி அந்தக் கடற்கரைக்கு வீட்டாரோடு போயிருக்கிறாளாம், காலில் ஒட்டிய கறுப்பை அழுக்கு என்று கழுவிவிட்டு வந்தாளாம்.

இரண்டாம் பரீட்சையில் இருபதில் பதினெட்டு. பிழைத்த இரண்டில் ஒன்று பிளாஜியோகிளேஸ், அதன் தளத்தில் ஓடும் மயிரிழைக் கோடுகளைக் கைவில்லையில் பார்த்து எழுதியிருந்தும் பெயரை ஒர்தோகிளேஸ் என்று போட்டுவிட்டேன். அவதானிப்புக்கு முழுப் புள்ளி கிடைத்தது. அந்தப் பிழையில் எனக்கு வருத்தமே இல்லை.

அன்று பின்னேரம் அக்காவிடம் கேட்டு ஒரு பைரைற் துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பித்தளை மஞ்சள், கூரான கனசதுர விளிம்பு, குழாய் லைட்டில் தகதகவென்று இருந்தது. அப்பா வாசல் கதிரையில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தார். கையில் கொடுத்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

அவர் அதை உள்ளங்கையில் வைத்து ஒரு தடவை மேலும் கீழும் அசைத்தார். "பாரம் காணாது" என்றார். அப்புறம், "பெட்டியை எடு பிள்ளை."

உரைகல்லில் ஒரே இழுப்பு. பச்சை கலந்த கறுப்புக் கோடு. கல்லும் கறுப்பு என்பதால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அவர் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார், அப்போதுதான் தூள் தெரிந்தது. பக்கத்தில் தன் மோதிரத்தால் ஒரு கோடு, அது மஞ்சளாகவே விழுந்தது, தூளாக இல்லாமல் பூசினதுபோல. "இது பொன் இல்லை. உரைஞ்சால் நொருங்குது. பொன் நொருங்காது, இழுபடும்." என் அட்டவணையில் தங்கத்தின் வன்மை மூன்றுக்குள், பைரைற்றுடையது ஆறுக்கு மேல் என்று இருக்கிறது; நொருங்குதல், இழுபடுதல் என்ற இரண்டு சொல்லும் அதில் இல்லை. நான் பேனையை எடுத்து அவற்றை ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

பிறகு நான் கேட்டேன், இந்த உரைகல் என்ன கல் என்று. உரைகல்தான் என்றார். அதைச் சோதித்துப் பார்க்கலாமா என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, மேல்பக்கம் தொடக்கூடாது, அடிப்பக்கம் வேண்டுமானால் பார் என்றார். அடிப்பக்க விளிம்பு கண்ணாடியைக் கீறியது, துடைத்துப் பார்த்தேன், பள்ளம் இருந்தது. இரும்பாணி அதில் ஏறவில்லை, ஆணியின் உலோகம்தான் சாம்பல் கோடாக ஒட்டியது. உடைந்த மூலை சிப்பியின் உட்புறம்போல வளைந்திருந்தது. மணி மணியாக எதுவும் கைவில்லையில் தெரியவில்லை. அமிலச் சோதனைக்கு நான் போத்தலைத் தேடவில்லை. முப்பது வருஷம் திராவகம் விட்டும் ஒரு நாளும் நுரைக்கவில்லை என்று அப்பாவே சொன்னார், அதை அவர் பெயர் போட்டே எழுதினேன்.

"இப்ப சொல்லு, என்ன கல்?"

சிலிக்கா நிறைந்த மிக நுண்ணிய கல், குவார்ட்ஸின் குடும்பம், தனிக் கனியம் அல்ல பாறை என்ற அளவுக்குச் சொல்லலாம் என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுக் கைவில்லையைக் கேட்டு வாங்கினார். அதைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக் கல்லை அதற்குக் கிட்டக் கொண்டுவரவேண்டும் என்று காட்டிக் கொடுத்தேன். மேல்பக்கத்தைத் திருப்பி நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்ச பார், குழிகளுக்குள்ள இன்னும் மஞ்சள் கிடக்கு" என்றார்.

நான் பார்த்தேன். ஊசி முனையைவிடச் சின்னக் குழிகளில் அங்கங்கே மஞ்சள் பொட்டுகள், எந்த வருஷத்து நகையோ. அவதானிப்புக் கட்டத்தில் அதையும் எழுதினேன்.